வெடிச்சகல்லைச் சுற்றிய மாரி

போன மார்கழியில் என் மகள் தன் தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். அவளோடு வேலை செய்கிற பிள்ளைகள் சிலர் உன்னிச்சைப் பக்கம் போய்க் காட்டுக்குள் நடந்துவிட்டு வந்திருக்கிறார்கள். முதுகில் பை, காலில் விலையான சப்பாத்து, பக்கத்தில் கழுத்துப்பட்டி போட்ட இரண்டு நாய்கள். இரண்டு கல்மலைகளுக்கு நடுவே ஓடுகிற தண்ணீரில் நின்றுகொண்டு எல்லாரும் சிரிக்கிறார்கள்.

"ஒரு வழியால உள்ள போய் மற்ற வழியால கிறுகி வரலாமாம் அம்மா. அரை நாள் நடைதானாம். நாமளும் ஒருக்காப் போவமா?" என்றாள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது பக்கக் கல்லில் தண்ணீர் வழிந்து வழிந்து கறுத்த தடம் அப்படியே இருந்தது. எனக்குக் கால் ஏலாது என்று சொல்லித் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தேன்.

அவளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். தலைக்கு மை பூசிப் பூசி அலுத்து, போகட்டும் என்று விட்டுவிட்ட வயது நமக்கு. சண்டை நடந்த அந்தக் காலத்தில் காட்டுக்குள் யாரும் ஆசைக்கு நடக்கவில்லை என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் ஊர் பெரியகல்லாறு. அப்பா மட்டக்களப்பு வாவியில் வலை வீசிப் பிழைத்தவர். அந்த வருஷம் எங்கள் வீட்டுக் கூரை எரிந்த மறுநாள் அப்பா எங்களைத் தோணியில் ஏற்றி வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குக் கொண்டுபோனார். வலை எரிந்துவிட்டது. அம்மா ஒரு சாக்கில் சட்டி பானைகளை எடுத்துக்கொண்டார். அண்ணன் ஒரு சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். நான் பள்ளிக்கூடச் சப்பாத்தைக் கையில் பிடித்திருந்தேன். இறங்கும் அவசரத்தில் ஒரு சப்பாத்து தோணிக்குள்ளேயே கிடந்து தோணிக்காரரோடு திரும்பிப் போய்விட்டது. மற்றதை வெகுநாள் வைத்திருந்தேன். ஒற்றைச் சப்பாத்தை எதற்கு வைத்திருக்கிறாய் என்று அம்மா கேட்கவேயில்லை. அவரும் பூட்டில்லாத ஒரு திறப்பை முந்தானையில் முடிந்துதான் வைத்திருந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தது மாமி வீட்டுக்கு. மாமி அப்பாவின் அக்கா. உன்னிச்சைக் குளத்துக்கு மேற்கே காட்டோரத்தில் வாழ்க்கைப்பட்டவர். மாமா பாம்பு கடித்து இறந்து பல வருஷமாகியிருந்தது. மாமிக்கு ஒரே மகன். எனக்கு மச்சான் முறை. நான் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்தே "என்ட மருமகள்" என்றுதான் மாமி என்னைக் கூப்பிடுவாராம்.

நாங்கள் போனபோது மச்சான் வீட்டில் இல்லை. கோடையில் இயக்கத்துப் பொடியன்மார் வந்து கூட்டிப் போய்விட்டார்கள். கூட்டிப் போனது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், ஏதோ திருவிழாவுக்குக் கூட்டிப் போனது போல. அவனுக்கு அப்போது மீசை அரும்பியிருந்தது, அவ்வளவுதான். என் அண்ணனுக்கு அதுவும் இல்லை.

மச்சான் வளர்த்த மூன்று நாய்கள் வீட்டில் இருந்தன. வீமன் வரிப்புலி போல உடம்பெல்லாம் கோடு போட்ட பெரிய நாய். கறுப்பி ஒரு காது கிழிந்த கிழடு. சீனி வெள்ளைக்குட்டி, பயந்தாங்கொள்ளி. இந்த மூன்றும் வேற்றாள் நிழல் பட்டால்கூடக் குரைக்கும். நாங்கள் வந்த அன்று அண்ணனை வேலியில் ஏற வைத்துவிட்டன. மாமி எங்கள் நால்வரையும் வரிசையாக நிறுத்தி, எங்கள் கையை நாய்களுக்கு மோப்பம் காட்டினார். "இவங்க நம்மட ஆக்கள். விளங்குதா?" என்றார் நாய்களிடம். அதற்குப் பிறகு எங்களைப் பார்த்து அவை குரைத்ததே இல்லை.

மாரிமழை தொடங்கியதும் வயல்வட்டை முழுக்கப் பயிர் பச்சைபிடித்துவிட்டது. பயிர் நிற்கும்வரை மாடுகள் வயலில் இறங்கக்கூடாது. ஊர் மாடுகளோடு மாமியின் மாடுகளும் கல்மலைக்குப் பின்னால் உள்ள மேய்ச்சல் தரையில் பட்டியடைத்து நின்றன. காது கேளாத ஒரு பட்டிக்காரர் அங்கே காவல். அவருக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்து, பால் வாங்கி வருவது மாமியின் வேலை. மாமி அதைச் 'சுத்து' என்று சொல்வார். விடிந்ததும் குளக்கட்டு வழியாகப் போய், வெடிச்சகல் என்கிற மலைப்பிளவுக்குள் நுழைந்து, ஓடைக்கரையாலேயே நடந்து மறுபக்கம் மேய்ச்சல் தரையில் ஏறவேண்டும். பட்டியில் பாலை வாங்கிக்கொண்டு, மலையின் தெற்குப் பக்கமாக வட்டை ஓரத்தால் கிறுகி வந்தால் மத்தியானத்துக்கு வீடு.

"மருமகளையும் கூட்டிட்டுப் போகட்டா? தனியப் போகப் பயமாக் கிடக்கு" என்று மாமி அம்மாவிடம் கேட்டார். நானும் போனால் எங்களுக்கும் ஒரு போத்தல் பால் வரும் என்பதால் அம்மா சம்மதித்தார். காட்டோரத்திலேயே பிறந்த மாதிரி நடந்து திரிகிற மாமிக்கு என்ன பயம் என்று யாரும் யோசிக்கவில்லை.

அந்த மாரியின் கூதல் இப்போதும் என் எலும்பில் இருக்கிறது. உரப்பையின் ஒரு மூலையை உள்ளே தள்ளித் தலையில் கொழுவிக்கொள்வோம். மழை அதன்மேல் பொரிவது போல விழும். நாய்கள் முன்னே ஓடும். நனைந்த நாயின் மணமும் ஈர இலையின் மணமும் ஒன்றாகக் கலந்து வரும். வெடிச்சகல்லுக்குள் நுழைந்ததும் மழைச்சத்தம் மாறிவிடும். இரண்டு பக்கமும் கல் செங்குத்தாக நிற்கும். மேலே வானம் ஒரு துணிக்கீறல் அளவுக்குத் தெரியும். நாங்கள் பேசினால் கல் திரும்பப் பேசும். ஓடைத்தண்ணீர் முழங்காலை வெட்டுவது போலக் குளிரும். கரையேறியதும் அட்டைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தேசிக்காயைத் தேய்த்துக்கொண்டு நடப்போம்.

குளக்கட்டு முடிகிற இடத்தில் பொடியன்மாரின் காவல் கொட்டில் ஒன்று இருந்தது. மாமியின் தலையில் ஒரு கூடை. அதில் பட்டிக்காரருக்கு இலையில் கட்டிய சோறு, பக்கத்தில் ஒரு பழைய வாளி. வாளியில் நாய்ச்சோறு. கருவாட்டுத் தலையும் புளியாணமும் போட்டுப் பிசைந்து, பார்த்தால் வயிற்றைப் பிரட்டுகிற மாதிரி இருக்கும்.

காவலுக்கு நின்றவன் மூடியைத் திறந்து மூக்கைச் சுளிப்பான்.

"நாய்க்கு இவ்வளவு சோறா அம்மா?"

"மூண்டு நாய் தம்பி. காட்டுக்குள்ள யானை வந்தாச் சொல்லுறதுக்கு இதுகள் வேணும். திண்டாத்தானே குரைக்கும்."

அவன் சிரித்துக்கொண்டு போகச் சொல்வான். அவனும் மச்சானின் வயதுதான்.

வெடிச்சகல்லின் நடுவில் ஓடை வளைகிற இடத்தில் ஒரு பெரிய வீரைமரம் நிற்கும். அங்கே என்னையும் நாய்களையும் நிறுத்திவிட்டு, தவறிய கன்று ஒன்றைத் தேடுவதாகச் சொல்லி மாமி கல்லில் ஏறிப்போவார். வாளியும் அவரோடு போகும். வரும்போது வாளி கழுவியிருக்கும். கன்று கிடைக்காது.

ஒருநாள் கறுப்பி என் கையை உதறிக்கொண்டு மாமியின் பின்னால் ஓடிவிட்டது. அதைப் பிடிக்க நானும் ஏறினேன். மேலே ஒரு கல் குடைபோல் சாய்ந்திருந்தது. அதற்குக் கீழே படங்குச் சீலையை விரித்து, என் மச்சான் உட்கார்ந்து நாய்ச்சோறு தின்றுகொண்டிருந்தான். கறுப்பி அவன் மடியில் தலையை வைத்து முனகிக்கொண்டிருந்தது. அவனுடைய வலது கால் வாழைத்தண்டு போல வீங்கிக் கிடந்தது. பாதத்தில் சுற்றியிருந்த துணி மாமியின் பழைய சேலை.

மாமி என் வாயைப் பொத்தினார். மச்சான்தான் அவர் கையை விலக்கிவிட்டான்.

"விடுங்கம்மா, இவள் சொல்லமாட்டாள்" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "என்ன புள்ள, வளந்திட்டாய். கடல் எப்பிடி இரிக்கு?" என்று கேட்டான்.

"கடல் கிடக்கு. வீடுதான் இல்ல" என்றேன்.

அவன் சிரித்தான். நாய்களுக்குச் சொல்வது போல "இரு" என்று பக்கத்துக் கல்லைத் தட்டினான். இருந்தேன். அவன் முகாமிலிருந்து வெறுங்காலோடு காட்டுக்குள்ளால் ஓடிவந்திருக்கிறான். ஏதோ வெட்டிவிட்ட மரத்தின் அடிக்கட்டை பாதத்தில் ஏறிவிட்டது. ஏன் ஓடிவந்தாய் என்று நான் கேட்டேன். பெரியவர்கள் யாரும் அவனிடம் அப்படிக் கேட்டிருப்பார்களோ தெரியாது.

"பயமா இருந்திச்சு புள்ள. வேறொண்டும் இல்ல" என்றான்.

அதன்பிறகு நானும் அந்தக் கல்லுக்குக் கீழே போய்வந்தேன். மாமி மஞ்சளும் வேப்பெண்ணெயும் காய்ச்சிக் கட்டுவார். கட்டை அவிழ்க்கும்போது வரும் மணத்துக்கு நாய்கள்கூட விலகிப் போகும். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சீனியின் காதைத் தடவிக்கொண்டிருப்பான். சாப்பிடும்போது வீமன் எதிரே குந்திக்கொண்டு அவன் வாயையே பார்க்கும். அவன் கடைசிக் கவளத்தை மூன்றாகப் பிரித்து நாய்களுக்கு வைப்பான். அவற்றுக்குக் கிடைத்த நாய்ச்சோறு அவ்வளவுதான். நான் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரவில் என் பக்கத்தில் படுக்கிற அண்ணனுக்கும் சொல்லவில்லை.

இப்போது யோசித்தால் மாமியின் மீதும் எனக்குக் கோபம் வருகிறது. சின்னப்பிள்ளை கூட வந்தால் காவல்காரனுக்குச் சந்தேகம் வராது என்றுதானே என்னைக் கூட்டிப்போனார். பிடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் யோசித்திருப்பார். யோசித்துவிட்டும் கூட்டிப்போனார்.

அப்பாவுக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது நாய்களின் விலா எலும்பு. தொழில் இல்லாமல் வாசலில் குந்தியிருக்கிற மனுஷன் எதைப் பார்ப்பார்? நாய்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நாளுக்கொரு வாளி சோறு போகுது. நாயிட எலும்பு என்னத்துக்கு இப்பிடித் தெரியுது?" என்று ஒருநாள் கேட்டார்.

"வயித்தில பூச்சி" என்றார் மாமி.

அப்பா அதன்பிறகு வாளியைப் பார்க்கத் தொடங்கினார்.

பிறகு ஒரு காலையில் பொடியன்மாரின் பொறுப்பாளர் என்கிறவர் இரண்டு பேரோடு வந்தார். நாய்கள் குரைத்த குரைப்பில் மாமி முற்றத்துக்கு வந்துவிட்டார். பொறுப்பாளர் சத்தம் போடவில்லை. அம்மா கொடுத்த தேத்தண்ணியை மரியாதையாக வாங்கிக் குடித்தார்.

"மகன் ஓடிட்டான் அம்மா. எங்க போவான்? தாயிட்டத்தான் வருவான். வந்தாக் கொண்டுவந்து விடுங்க. நாங்க ஒண்டும் செய்யமாட்டம்" என்றார்.

"என்ட பிள்ளையக் கொண்டுபோனது நீங்க. என்னிட்டக் கேட்டா?" என்றார் மாமி.

அவர் குவளையைக் கீழே வைத்தார். கதவடியில் நின்ற என் அண்ணனைப் பார்த்தார்.

"உங்கட மகனா?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா தலையாட்டினார். "கிழமை முடியிறதுக்குள்ள அவன் வரல்லெண்டா இவரை அனுப்புங்க. குடும்பத்தில ஒராள் இயக்கத்தில இரிக்கத்தானே வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா அண்ணனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். அவன் உள்ளே அழுதது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

மறுநாளும் நாங்கள் சுத்துக்குப் போனோம். நல்ல மழை. நானும் மாமியும் கல்லுக்குக் கீழே இருந்தபோது அப்பா வந்து முன்னால் நின்றார். உடம்பெல்லாம் தண்ணீர் ஒழுகியது. வீட்டிலிருந்தே எங்கள் பின்னால் வந்திருக்கிறார். வேற்றாள் வந்திருந்தால் நாய்கள் மலையே இடிந்துவிழக் குரைத்திருக்கும். அப்பாவைக் கண்டு வீமன் வாலை ஆட்டியது.

அப்பா குனிந்து மச்சானின் காலைப் பார்த்தார். துணியை விலக்கிப் பார்த்தார். அவர் முகம் கோணியதை நான் கண்டேன். அது நடிப்பில்லை.

"அக்கா, இது அழுகுது. இப்பிடியே வெச்சா உடம்பெல்லாம் ஏறிச் செத்துப்போவான்."

"நான் பாத்துக்கொள்ளுவன். நீ போ தம்பி."

"என்னத்தப் பாப்பாய்? மஞ்சளாலயா? ஆசுபத்திரிக்குப் போகவும் ஏலா, நடுவில ஆமிக்காரன். பொடியன்மாரிட்ட டாக்குத்தர் இரிக்கார். நான் வட்டை விதானையாரிட்டக் கதைச்சிட்டன். அவர் அவங்களிட்டக் கேட்டவர். வந்து சரணடைஞ்சா மருந்து கட்டி, குசினியில சமையல் வேலைக்கு விடுவாங்களாம். ஒரு வருஷத்தில வீட்ட அனுப்புவாங்களாம்."

"கதைச்சிட்டியா?" என்றார் மாமி. "இவனக் காணமுந்தியே கதைச்சிட்டியா?"

அப்பா விலக்கிய துணியை மறுபடி காலில் சுற்றிவிட்டார்.

"உன்ட பிள்ளைக்காக என்ட பிள்ளையக் குடுக்கச் சொல்லுறாய்."

"ரெண்டு பேரையும் காப்பாத்தத்தான் கேக்கன் அக்கா."

"இல்ல."

மாமி கையில் இருந்த வாளியை அப்பாவின் மேல் எறிந்தார். புளியாணம் அவர் நெஞ்சில் வழிந்தது. அவர் துடைக்கவில்லை. நாய்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தன. யாரைப் பார்த்துக் குரைப்பது என்று அவற்றுக்குத் தெரியவில்லை. எனக்கும்தான்.

பேசியது மச்சான்.

"மாமா, டாக்குத்தர் இரிக்காரெண்டு நிச்சயமாத் தெரியுமா?"

"ஓம் மகன். விதானையார் கையடிச்சுச் சொன்னவர்."

"அப்ப நான் போறன். உங்கட மகன் சின்னப்பொடியன், அவன் தாங்கமாட்டான்." பிறகு மாமியிடம், "அம்மா, எனக்கு நோவு தாங்க ஏலாமக் கிடக்கு" என்றான். அதைக் கேட்ட பிறகுதான் மாமி உட்கார்ந்தார்.

அப்பா அவனை முதுகில் தூக்கிக்கொண்டார். வள்ளத்தைத் தோளால் கரைக்குத் தள்ளிப் பழகிய உடம்பு. ஓடை பெருகியிருந்ததால் வந்த வழியால் திரும்ப முடியவில்லை. மறுபக்கம் ஏறி, மலையைச் சுற்றி வட்டை ஓரத்தால் கிறுகி வந்தோம். வழுக்கும் இடங்களில் அப்பா அவன் காலில் எதுவும் படாமல் ஒருபக்கமாகச் சரிந்து நடந்தார். இரண்டு முறை நின்று "நோகுதா மகன்?" என்று கேட்டார். என்னை அப்படி ஒருநாளும் தூக்கியதில்லை. மாமி பின்னால் வந்தார். சேலைத் தலைப்பால் மகனின் தலையில் மழை படாமல் பிடித்துக்கொண்டே வந்தார். பார்த்தவர்கள் இந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு ஒற்றுமை என்று நினைத்திருப்பார்கள்.

குளக்கட்டில், வயலுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடுகிற விதானையார் குடை பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் ஒரு ட்ராக்டர். பொடியன்மாரைக் கண்டதும் நாய்கள் பாய்ந்தன. ஒருவன் துவக்கைத் தூக்கினான். மச்சான் அப்பாவின் முதுகில் இருந்தபடியே "வீமா, சும்மா கிட" என்றான். மூன்றும் அப்படியே படுத்துவிட்டன. அவனை ட்ராக்டர்ப் பெட்டியில் ஏற்றினார்கள். ட்ராக்டர் போனது. "வீட்ட போங்க" என்று அவன் கைகாட்டினான். எங்களுக்குச் சொன்னானா நாய்களுக்குச் சொன்னானா தெரியாது.

"பிழையொண்டும் வராது அம்மா, நான் இரிக்கன்" என்றார் விதானையார். தன் குடையை மாமியிடம் நீட்டினார். மாமி வாங்கவில்லை.

அந்தக் கிழமை அண்ணன் வெளியே வந்து மாமரத்தில் ஏறினான். அம்மா அவனுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தார். மாமி அதே வீட்டில், அதே குசினியில் எங்கள் எல்லாருக்கும் சோறு போட்டார். அண்ணனின் சோற்றுக்கோப்பையில் மற்றவர்களுக்கு வைப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைப்பார். அவன் அதைத் தின்னமுடியாமல் தின்பான்.

மாமி சுத்துக்குப் போவதை விடவில்லை. ஆனால் என்னை அழைக்கவில்லை. நாய்கள் முன்னே ஓடுவதை வேலிப் படலையில் நின்று பார்ப்பேன்.

மாரி ஓய்கிற சமயத்தில் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒன்று ஊருக்குள் வந்தது. மச்சானின் பெயரை, அவனுக்கு வைத்த புதுப்பெயரோடு சேர்த்துச் சொன்னார்கள். மட்டக்களப்பு எல்லையில் நடந்த சண்டையில் முன்னால் பாய்ந்து வீரச்சாவு அடைந்தானாம். மதிலிலும் மரத்திலும் அவன் படம் ஒட்டினார்கள். அது பள்ளிக்கூடத்தில் எடுத்த படம். மேல்சட்டையை மாற்றி வரைந்திருந்தார்கள். உடல் இல்லை. வாசிகசாலை முன்னால் பந்தல் போட்டு, படத்துக்கு மாலை போட்டு, மாமியை முன்வரிசைக் கதிரையில் இருத்தினார்கள். அப்பாவைத் தாய்மாமன் என்ற முறையில் விளக்கேற்றச் சொன்னார்கள். அப்பா நெருப்புக்குச்சியைக் கிழித்தார். திரி பிடிக்கவில்லை. விதானையார் நெருப்புப்பெட்டியை வாங்கி ஏற்றிவிட்டார்.

பொறுப்பாளர் பேசி முடித்து, மாமியின் முன்னால் வந்து கையைப் பிடித்தார். மாமி அவரைப் பார்த்துக் கேட்டார். ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"நிக்க ஏலாத பிள்ளை எப்பிடித் தம்பி முன்னால பாஞ்சவன்?"

யாரோ ஒலிவாங்கியை எடுத்தார்கள். பாட்டுப் போட்டார்கள். பொறுப்பாளர், மாமிக்குச் சுகமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா மாமியின் தோளைப் பிடித்து எழுப்பினார். மாமி எழுந்தார். அந்தக் கை தன் தோளில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்த மாதிரியே இல்லை.

டாக்குத்தர் என்று ஒருவர் அங்கே இருந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ட்ராக்டர் எவ்வளவு தூரம் போனது என்றும் தெரியாது. அடுத்த போகத்தில் விதானையாரும் ஊரைவிட்டுப் போய்விட்டார். நாய்களில் வீமனை யானை அடித்தது. சீனி எங்கேயோ போய்விட்டது. கறுப்பி வாசலில் படுத்துப் படுத்தே செத்தது.

நாங்கள் பெரியகல்லாற்றுக்குத் திரும்பினோம். அண்ணனை எப்படியோ கொழும்புக்கும் அங்கிருந்து வெளிநாட்டுக்கும் அனுப்பினார்கள். இப்போது அவனுக்குப் பனி கொட்டுகிற நாடு, வீடு, இரண்டு பிள்ளைகள். ஒருமுறைதான் வந்தான். உன்னிச்சைக்குப் போவோமா என்று நான் கேட்டபோது, வயிறு சரியில்லை என்றான். மாமிக்கென்று ஒரு சால்வை கொண்டுவந்திருந்தான். அதை என்னிடம் தந்து கொடுத்துவிடச் சொன்னான். மாமி அதை வாங்கி, என் முன்னாலேயே உறையைப் பிரிக்காமல் பெட்டிக்குள் வைத்தார்.

அப்பா வயது போன காலத்தில், யாரும் கேட்காமலே திடீரென்று சொல்வார்: "நான் செஞ்சது சரிதான். காலப் பாத்திங்கதானே." அம்மா வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பார். உரல் சத்தம் கொஞ்சம் கூடும். அவ்வளவுதான் அவருடைய பதில். ஒருநாள் நான் கேட்டேன், "அப்பா, விதானையாரிட்ட எப்ப கதைச்ச நீங்க? மச்சானக் காணமுந்தியா, கண்ட பிறகா?" "உனக்குப் பிள்ளை பிறக்கட்டும்" என்றார். எனக்குப் பிள்ளை பிறந்தது. அப்பா செய்தது சரிதானா என்று இன்னும் என்னால் சொல்ல முடியவில்லை. அண்ணன் அழுதது கேட்ட அதே காதால்தான் மச்சான் "பயமா இருந்திச்சு" என்றதையும் கேட்டேன்.

அப்பா இறந்தபோது மாமி வந்தார். அந்த வயதில் பஸ் மாறி, தோணி ஏறி, தனியாக வந்தார். அக்கா செய்யவேண்டிய எதையும் குறைவைக்கவில்லை. அப்பாவின் தலைமாட்டில் இருந்து முடியை ஒதுக்கிவிட்டு ஒப்பாரி வைக்கத் தொடங்கினார். அந்தக் குரலில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. தாயில்லாத தம்பியை இடுப்பில் வைத்துச் சுமந்ததைச் சொல்லி அழுதார். அவன் முதலில் பிடித்த மீனை, முதலில் ஓட்டிய தோணியை, எங்கள் அம்மாவின் கழுத்தில் தாலி கட்டிய நாளை, அண்ணன் பிறந்தபோது தெருவெல்லாம் கற்கண்டு கொடுத்ததைச் சொல்லி அழுதார். வந்த பெண்களெல்லாம் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். "தம்பியில எவ்வளவு உசிர் இந்த மனுசிக்கு" என்று என் காதில் ஒருத்தி சொன்னாள்.

"கூரை எரிஞ்சு வந்தியே என்ட தம்பி, அக்காட வாசலுக்கு" என்ற இடத்தில் மாமி நிறுத்தினார். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டு, தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்ததிலிருந்து மறுபடி தொடங்கினார். மறுபடியும் அந்த வாசல் வந்ததும் நிறுத்தினார். மறுபடியும் முதலிலிருந்து.

சவப்பெட்டியை மூடும்வரைக்கும் மாமி அப்பாவை அந்த வாசலுக்கு உள்ளே விடவில்லை.